ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

கலங்கலும் கட்டைகளும் நிறைந்த வாய்க்காலில் தூண்டில் முள்ளை இழக்காமல் மீன் பிடிக்கும் முறை

காவிரி நீர் கடைசியாக வந்து சேரும் கடைமடைப் பகுதி காரைக்கால். அதன் வடபுறத்தில் பூவம் அருகே நண்டலாறு ஓடிக் கடலில் கலக்கிறது. தெற்கே அரசலாறும் பிற ஆறுகளும், அவற்றிலிருந்து பிரியும் பாசன வாய்க்கால்களும், வயல் நீரை வடிக்கும் வடிகால்களும் பின்னிக் கிடக்கின்றன. மேட்டூர் அணையைத் திறக்க வழக்கமான நாள் ஜூன் 12. மூட வழக்கமான நாள் ஜனவரி 28. இந்த இடைக்காலத்தில், அதிலும் ஐப்பசி, கார்த்திகை மழையில், வாய்க்கால்கள் வண்டல் கரைந்து கலங்கி ஓடும்.

அந்தக் கலங்கலில் விரால், குறவை, கெளுத்தி, தேளி, விலாங்கு, ஆற்றுவாளை ஆகியவை உண்டு. முகத்துவாரத்தை ஒட்டிய உப்பங்கழியில் கொடுவா, மடவை, செப்பிலி ஆகியவையும் ஏறி வரும். வயல் வேலை ஓய்ந்த மாலையில் ஒரு மூங்கில் கழியுடன் சென்றால் வீட்டுக் குழம்புக்கு மீன் கிடைக்கும். ஆனால் பலரும் ஓரிரு முறை முயன்றுவிட்டுக் கைவிடுகின்றனர். காரணம், போட்ட தூண்டில் திரும்பி வருவதில்லை. அடியில் கிடக்கும் பனங்கட்டையிலோ கருவேல முள்ளிலோ மாட்டி அறுந்து போகிறது. இக்காலத்தில் கடையில் விற்கும் ரப்பர் தவளை ஒன்று போனால் ஒரு நாள் குழம்புச் செலவு போனது போலத்தான்.

அப்படி இழந்தவர்கள் இரண்டு தவறுகளில் ஒன்றைச் செய்வதுண்டு. ஒன்று, மாட்டிய முள்ளை எடுக்கத் தண்ணீரில் இறங்குவது. மற்றொன்று, தூண்டிலே வேண்டாம் என்று வாய்க்காலில் பூச்சி மருந்தைக் கலப்பது. முன்னது தம் உயிருக்குக் கேடு; பின்னது ஊருக்கே கேடு. இவ்விரண்டும் தேவையில்லை. கட்டைகளுக்கு நடுவிலும் தூண்டிலை இழக்காமல் மீன் பிடிக்கலாம். அதற்குரிய முறைகளைக் கீழே காண்போம்.

மீன் இருக்கும் இடமே முள் மாட்டும் இடம்

வெட்டவெளியான மணல் தரையில் முள் மாட்டாது. ஆனால் அங்கே மீனும் தங்காது. விழுந்த தென்னை, மடை ஓரத்துக் கற்கள், நெய்வேலிக் காட்டாமணக்குப் புதர், வெங்காயத்தாமரைக் கும்பல், கரையிலிருந்து சாய்ந்த சீமைக் கருவேல் ஆகியவற்றின் நிழலில்தான் மீன் ஒதுங்கும். ஓடும் நீரின் வேகம் அங்கே குறைகிறது, சிறு மீனும் புழுவும் அங்கே சேர்கின்றன, பறவைக்கும் தப்பலாம். ஆகவே கட்டைகளை விட்டு விலகிப் போவது வழியல்ல. கட்டைக்கு மேலும் கட்டைக்குப் பக்கத்திலும் இரையை நிறுத்தக் கற்பதே வழி.

முதல் வேலை: அடியை அளத்தல்

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது பழமொழி. தூண்டிலுக்கும் அது பொருந்தும். முள் கட்டுவதற்கு முன் வெறும் குண்டை மட்டும் நரம்பில் கட்டி, போட எண்ணியுள்ள இடத்தில் இறக்கிப் பார்க்க வேண்டும். முள் இல்லாத குண்டு மாட்டினாலும் எளிதில் கழன்று வரும்.

குண்டை மெதுவாக இழுக்கும்போது கைக்குக் கிடைக்கும் செய்திகளைக் கவனிக்கவும். வழுக்கிக்கொண்டு நறநறவென வந்தால் மணல். உறிஞ்சிப் பிடித்து, பின் விட்டுக்கொடுத்தால் சேறு. கனமாகவும் நெகிழ்வாகவும் வந்தால் பாசி அல்லது வேர். 'டக்' என்று தட்டி நின்றால் மரம் அல்லது கல். நான்கைந்து முறை இப்படிப் பார்த்தால் தண்ணீருக்கு அடியில் உள்ளது கண்ணால் கண்டது போல விளங்கும். ஆழம் எத்தனை முழம் என்பதை நரம்பில் ஒரு நூல் கட்டி அடையாளம் செய்துகொள்ளவும். கட்டை கிடக்கும் இடத்துக்கு நேரே கரையில் ஒரு குச்சியை நட்டு வைக்கவும்.

இதைவிடச் சிறந்த வழி ஒன்றுண்டு. சித்திரை, வைகாசியில் வாய்க்கால் வறண்டிருக்கும்போது அதன் நெடுகிலும் ஒருமுறை நடந்து பார்த்துவிட வேண்டும். எந்த வளைவில் எந்த மரம் கிடக்கிறது, எந்த மடையின் கீழ் குழி விழுந்திருக்கிறது என்பது அப்போது தெரியும். அந்தக் குழிகளே மழைக்காலத்தில் மீன் தங்கும் இடங்கள். முன்னர் மாட்டி அறுந்த முள்ளும் நரம்பும் கிடந்தால் அப்போதே எடுத்துவிடலாம்.

நண்டலாற்று முகத்துவாரம் போன்ற இடங்களில் கடல் ஏற்ற இறக்கத்தையும் கணக்கில் கொள்ளவும். இக்கரையில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான். ஆயினும் காலையில் கட்டைக்கு மேல் ஒரு முழம் நின்ற தண்ணீர் பிற்பகலில் ஒரு சாணாகக் குறையக்கூடும். மணிக்கொரு முறை மறுபடியும் அளந்து தக்கையை மாற்றிக் கட்ட வேண்டும்.

வேண்டிய பொருள்கள்

கழி: 12 முதல் 14 அடி நீளமுள்ள, முற்றிய, நேரான மூங்கில். நீளமான கழி இருந்தால் வீசி எறிய வேண்டியதில்லை; கட்டைக்கு நேர் மேலே நீட்டி இரையை இறக்கலாம். மின்கம்பி செல்லும் இடத்தில் நீண்ட கழியை ஒருபோதும் உயர்த்தக் கூடாது.

நரம்பு: தங்கூசி எனப்படும் நைலான் நரம்பில் இரு பருமன் வேண்டும். தாய் நரம்பு 0.40 மில்லிமீட்டர், முள் கட்டும் கிளை நரம்பு 0.30 மில்லிமீட்டர். முடிச்சை இறுக்கும் முன் நரம்பை நனைத்துக்கொள்ளவும். உலர்ந்தபடி இறுக்கினால் உராய்வில் சூடேறி அந்த இடம் வலுவிழக்கும். கட்டையில் உரசிச் சொரசொரப்பான நுனியை இரண்டடி வெட்டிவிட்டு மீண்டும் கட்டவும்.

முள்: மூன்று கிளை உள்ள முள்ளைத் தவிர்க்கவும். அதில் ஒரு கிளை மீனைப் பிடித்தால் மற்ற இரண்டும் கட்டையைப் பிடிக்கும். ஒற்றை முள்ளே போதும். மெல்லிய கம்பியாலான முள் நல்லது; மாட்டினால் உறுதியான தாய் நரம்பின் இழுப்புக்கு அது நிமிர்ந்து கழன்று வந்துவிடும். இடுக்கியால் மறுபடி வளைத்துக்கொள்ளலாம். ஆனால் இரண்டு, மூன்று முறை வளைத்த முள்ளை மாற்றிவிட வேண்டும். முள்ளின் எதிர்ச்செதிலை இடுக்கியால் நசுக்கிவிட்டால் கட்டையிலிருந்தும் கழலும், தவறிக் கையில் தைத்தாலும் எளிதில் வரும். நரம்பைத் தளர விடாமல் இழுத்தால் மீன் தப்பாது.

குண்டு: ஈயக்குண்டுதான் வேண்டும் என்பதில்லை. ஈயம் நஞ்சு, தண்ணீரில் விட்டால் அதை விழுங்கும் வாத்துக்கும் பறவைக்கும் கேடு. துருப்பிடித்த பழைய நட்டு, ஓட்டைக் கல், வலையில் கட்டும் சுட்ட மண்குண்டு ஆகியவை செலவில்லாதவை, போனாலும் நட்டமில்லை.

தக்கை: நெட்டித்துண்டு அல்லது மயிலிறகுத் தண்டு. கடையில் வாங்கும் தக்கையைவிட இவை சிறு அசைவையும் காட்டும்.

முதல் முறை: தக்கைத் தூண்டில்

பழகாதவர்கள் இதிலிருந்து தொடங்குவது நலம். அளந்து வைத்த ஆழத்தில், கட்டையின் உச்சிக்கு ஒரு சாண் மேலே முள் நிற்குமாறு தக்கையைக் கட்டவும். முள்ளுக்கு ஒரு சாண் மேலே சிறு குண்டு இருக்கட்டும். இரை கட்டைக்கு மேல் தொங்குமே தவிர அதைத் தொடாது. கட்டைக்குள் இருக்கும் மீன் மேலே வந்து இரையை எடுக்கும்.

ஓடும் வாய்க்காலானால் கட்டைக்கு மேல்புறத்தில் நின்று தக்கையை விடவும். தக்கை கட்டையின் ஓரமாக மிதந்து செல்லுமாறு கழியால் நடத்த வேண்டும்; கட்டைக்கு உள்ளே இழுத்துச் செல்ல விடக் கூடாது. தக்கை அமிழ்ந்ததும் பக்கவாட்டில் இழுக்காமல் நேர் மேலே தூக்கவும். மீன் கட்டைக்குள் திரும்பிப் புகும் முன்பே அது மேலே வந்துவிடும்.

இரண்டாம் முறை: குண்டு மட்டும் அறும் தூண்டில்

கெளுத்தி, தேளி, விலாங்கு ஆகியவை அடியில் மேய்பவை. அவற்றுக்குத் தக்கை உதவாது. இரை தரையில் கிடக்க வேண்டும். தரையில் முதலில் மாட்டுவது பெரும்பாலும் குண்டுதான். எனவே குண்டையே பலி கொடுக்கும்படி தூண்டிலை அமைக்க வேண்டும்.

தாய் நரம்பின் நுனியில் ஒரு சிறு வளையத்தைக் கட்டவும். வளையத்திலிருந்து ஒன்றரை சாண் நீளத்தில் கிளை நரம்பைக் கட்டி அதில் முள்ளை முடியவும். அதே வளையத்திலிருந்து ஒரு சாண் நீளத்தில் சாதாரணப் பருத்தித் தையல் நூலைக் கட்டி அதில் குண்டைத் தொங்கவிடவும். இந்தத் தூண்டிலை ஓங்கி எறிந்தால் நூல் அறுந்துவிடும். ஆகவே கழியை நீட்டி மெதுவாக இறக்கவும்.

இதில் வலிமையின் வரிசை முக்கியம். தாய் நரம்பு எல்லாவற்றிலும் வலியது. கிளை நரம்பு அடுத்தது. குண்டு நூல் எல்லாவற்றிலும் மெலிந்தது. குண்டு மாட்டினால் நூல் அறும். முள்ளும் மீனும் கைக்கு வரும். முள்ளே மாட்டினாலும் கிளை நரம்புதான் அறும். ஒன்றரை சாண் நரம்பும் ஒரு முள்ளும் மட்டுமே போகும். எல்லாவற்றையும் ஒரே பருமனில் கட்டுபவருக்கோ எங்கே அறும் என்று சொல்ல முடியாது. கழி நுனியில் அறுந்தால் முழுத் தூண்டிலும் தண்ணீரில் தங்கிவிடும். குண்டுக்குப் பருத்தி நூல் சொல்வதற்குக் காரணம், அது சில மாதங்களில் மக்கிவிடும். நைலான் பல ஆண்டுகள் மக்காது.

மூன்றாம் முறை: காவல் வைத்த முள்

வெங்காயத்தாமரை, அல்லி, கோரை நிறைந்த இடத்தில் விராலைத் தேடுவோருக்கு இம்முறை ஏற்றது. முள்ளின் கூர்முனை செடியில் படாமல் ஒரு காவல் வைக்க வேண்டும். மெல்லிய உருக்குக் கம்பி அல்லது தென்னை ஈர்க்கின் நுனித் துண்டை முள்ளின் தண்டோடு நூலால் இறுகச் சுற்றி, அதன் மறுமுனை கூர்முனையைத் தாண்டிச் சற்று நீண்டிருக்குமாறு வளைத்து விடவும். செடி உரசும்போது ஈர்க்கு தள்ளிவிடும்; மீன் கவ்வும்போது ஈர்க்கு மடங்கி முள் ஏறும். ஈர்க்கு நனைந்து தளர்ந்தால் வேறு வைக்கவும்.

கடையில் விற்கும் ரப்பர் தவளையும் இதே கருத்தில் அமைந்ததே. அதன் இரு முட்களும் மேல்நோக்கி உடலை ஒட்டி அணைந்திருக்கும். விரால் கவ்வி ரப்பர் நசுங்கும்போதுதான் வெளிவரும். இறால் சதையை இரையாக வைப்பவர்கள் கூர்முனையைச் சதைக்குள்ளேயே மறைத்து வைத்தாலும் ஓரளவு இப்பயன் கிட்டும்.

உயிருள்ள தவளையை முள்ளில் குத்தும் பழைய வழக்கத்தை விட்டுவிடுவதே உழவருக்கு நல்லது. வயலில் பூச்சிகளைத் தின்று செலவைக் குறைப்பது தவளை. தவளைக்கால் ஏற்றுமதிக்கு 1987-இல் மத்திய அரசு தடை விதித்ததற்கும், தவளை குறைந்து பூச்சி பெருகும் என்ற கவலை ஒரு காரணமாக இருந்தது.

கலங்கலில் மீனுக்கு இரையைக் காட்டுவது எப்படி?

முழங்கை வரை கையை நீரில் விட்டுப் பார்க்கவும். விரல்கள் தெரியாவிட்டால் மீனுக்கும் இரை தெரியாது என்று கொள்ளலாம். அப்போது மீன் கண்ணை நம்பாது. கெளுத்தி மீசையாலும் மணத்தாலும் இரையை அறியும். பெரும்பாலான மீன்களுக்கு உடலின் இருபுறமும் ஓடும் பக்கக்கோடு என்னும் உறுப்பு உண்டு. நீரின் சிறு அதிர்வையும் அது உணரும். ஆகவே கலங்கலில் மணமும் அசைவும்தான் இரையை அறிவிக்கும்.

மண்புழு, நசுக்கிய இறால், கருவாட்டுத் துண்டு ஆகியவை மணம் பரப்புபவை. பொய்யிரை போடுவதானால் கறுப்பு அல்லது கருநீலம் கொள்ளவும். கீழிருந்து பார்க்கும் மீனுக்கு வெளிச்சமான வானத்தின் முன் கறுப்பு உருவமே நன்கு தெரியும். பளபளக்கும் வெள்ளை தெளிந்த நீருக்கே ஏற்றது. ரப்பர் தவளையை நீர்ப்பரப்பில் ஒரு முழம் இழுத்து, பத்து எண்ணும் வரை நிறுத்தி, மறுபடி இழுக்கவும். கலங்கலில் மீனுக்குத் தேடி வர நேரம் தேவை. விரைந்து இழுத்தால் மீனும் தவறும், முள்ளும் மாட்டும்.

விரால் காற்றைச் சுவாசிக்கும் மீன். அவ்வப்போது மேலே வந்து 'குபுக்' என்று மூச்சு வாங்கிச் செல்லும். அந்த வளையத்தைக் கண்டால் அதன்மேல் போடாமல் இரண்டு முழம் தள்ளிப் போட்டு அருகே கொண்டுவரவும். கலங்கிய நீரில் மீன் கரையோரமாகவே நிற்கும். கரையில் தடதடவென்று நடப்பவர் தம் மீனைத் தாமே விரட்டுகிறார்.

செந்நிறக் குஞ்சுகள் கும்பலாக மிதந்தால் கீழே தாய், தந்தை விரால் காவல் நிற்கும். அப்போது அவை எதையும் தாக்கும்; பிடிப்பது எளிது. ஆனால் காவலைப் பிடித்துவிட்டால் குஞ்சுகள் பிற மீனுக்கு இரையாகும். அந்த இடத்தை விட்டுவிடுவது அடுத்த ஆண்டுக்குச் சேமிப்பது போன்றது.

மாட்டிவிட்டால் என்ன செய்வது?

எத்தனை கவனமாக இருந்தாலும் சில முறை மாட்டத்தான் செய்யும். மாட்டியவுடன் வெடுக்கென்று இழுப்பதே பெருந்தவறு. அது முள்ளை மரத்தில் ஆழமாக ஏற்றிவிடும். கீழ்க்கண்ட வரிசையில் முயலவும்.

1. நரம்பைத் தளர்த்திவிட்டு ஒரு நிமிடம் சும்மா இருக்கவும். முள்ளில் மீன் இருந்தால் அதுவே வெளியே இழுத்துவரக்கூடும்.

2. இரை சென்ற திசைக்கு எதிர்ப்பக்கம் நடந்து சென்று அங்கிருந்து இழுக்கவும். வந்த வழியே சென்றால் முள் கழலும்.

3. நரம்பை இறுக்கி, வில்நாணைப் போல் விரலால் இழுத்து விடவும். அதிர்ச்சியில் முள் குதித்துக் கழன்றுவிடும்.

4. உறுதியான கயிற்றில் கட்டிய கனமான இரும்பு வளையத்தைக் கழியின் அடிப்பக்கமாக நுழைத்து, நரம்பின் வழியே கீழே இறக்கவும். வளையம் முள்ளின் மேல் விழுந்து தட்டிவிடும். கட்டை அருகில் இருந்தால் துறட்டிக்கோலால் கிளையையே தூக்கிப் பார்க்கலாம்.

5. எதுவும் பலிக்காவிட்டால் அறுத்துவிட வேண்டியதுதான். நரம்பைக் கையில் சுற்றி இழுக்கக் கூடாது, விரலை அறுத்துவிடும். ஒரு குச்சியில் சுற்றி, முகத்தைத் திருப்பிக்கொண்டு நேராக இழுக்கவும். குண்டு தெறித்துக் கண்ணில் பட்டுப் பார்வை போகக்கூடும்.

எக்காரணம் கொண்டும் தண்ணீரில் இறங்க வேண்டாம். கலங்கலில் அடி தெரியாது. மடைக்குக் கீழே ஆள் ஆழக் குழி இருக்கும். சேறு காலைப் பிடிக்கும். மாட்டியுள்ள முள் காலில் ஏறும். நீச்சல் தெரிந்தவரும் கிளைகளுக்குள் சிக்கினால் மீள்வது கடினம். ஒரு முள்ளின் விலை சில ரூபாய்தான் என்பதை அப்போது நினைவிற் கொள்ள வேண்டும்.

முள் தைத்தால்

ஆழமாகத் தைத்த முள்ளைப் பிடுங்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்று எடுத்து, தனுர்வாத தடுப்பூசியும் போட்டுக்கொள்ளவும். புண்ணோடு சேற்று நீரில் நிற்பது எலிக்காய்ச்சலுக்கு வழிவகுக்கும். சில நாளில் காய்ச்சலும் உடல்வலியும் கண்டால் மருத்துவரிடம் நீரில் நின்றதையும் சொல்ல வேண்டும். கெளுத்தி, தேளியின் முள் குத்திக் கடுத்தால், தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் அந்த இடத்தை வைத்திருக்க வலி குறையும். பின்னர் மருத்துவரிடம் காட்டவும்.

மற்றவர்களுக்கும் உதவி

அறுந்த நரம்பையும் வளைந்த முள்ளையும் கரையில் எறியக் கூடாது. வாய்க்காலில் கிடப்பது மடை வழியே வயலுக்கு வரும். நடவு நடும் பெண்களின் காலில் அது ஏறும். அறுவடைக்குப் பின் வயலில் மேயும் வாத்துக்கள் முள்ளை விழுங்கி மடியும். நரம்பில் கொக்கும் நீர்க்காகமும் சிக்கிச் சாகும். ஒரு பழைய டப்பாவைக் கூடையில் வைத்திருந்து எல்லாவற்றையும் அதில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும்.

நஞ்சு கலந்தும் வெடி வைத்தும் மீன் பிடிப்பதை 1897-ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டமே குற்றமாக்கியுள்ளது. சட்டத்துக்கு அஞ்சுவது ஒருபுறம் இருக்கட்டும். மருந்து கலந்த வாய்க்காலில் குஞ்சும் முட்டையும் இரையும் சேர்ந்து அழியும். அதே நீரை மாடு குடிக்கும். அந்த மீனை நம் பிள்ளைகள் உண்பர். மருந்து தெளித்த வயலின் வடிகாலில் செத்து மிதக்கும் மீனையும் எடுக்கக் கூடாது.

குத்தகைக்கு விட்ட குளமானால் குத்தகைதாரரின் இசைவு பெற்றே தூண்டில் போட வேண்டும்.

சுருக்கமாகச் சொன்னால், வெறும் குண்டால் முதலில் அடியை அறிக. முள்ளைக் கட்டைக்கு ஒரு சாண் மேலே நிறுத்துக. தரையில் போடுவதானால் குண்டு நூலை மெலிதாக்குக. செடிக்குள் போடுவதானால் முள்ளுக்குக் காவல் வைக்குக. மாட்டினால் பொறுமையாகக் கழற்றுக. கழலாவிட்டால் முள்ளை விட்டுவிட்டுக் கரையிலேயே நிற்க. இவ்வாண்டு வாய்க்கால் வறளும்போது ஒருமுறை அதன் நெடுகிலும் நடந்து பார்த்து வைக்கும் உழவர், அடுத்த ஐப்பசியில் அதன் பலனைக் கூடையில் காண்பார்.